ஹிட் அடித்தாரா என்பதை அப்புறம் பார்க்கலாம்: பேஸ்பால் ஹிட்டரை எடைபோடும் வழி

2018 ஏப்ரல் 22, ஆனஹைம் மைதானம், முதல் இன்னிங்ஸ். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பிராண்டன் பெல்ட் மட்டையோடு வந்து நின்றார். அவரை வெளியே அனுப்ப ஏஞ்சல்ஸ் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஹைமே பாரியாவுக்கு 21 பந்துகள் தேவைப்பட்டன. அதில் 16 ஃபவுல், அதாவது மட்டையில் பட்டு ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போனவை. பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் பந்துக் கணக்கை ஒழுங்காகக் குறிக்கத் தொடங்கிய 1988 முதல், ஒரே ஹிட்டருக்கு இத்தனை பந்துகள் அதுவரை யாரும் வீசியதில்லை. கடைசிப் பந்து ரைட் ஃபீல்டர் கையில் போய் விழுந்தது. ஸ்கோர் தாளில் அவுட்.

முதல் பந்திலேயே கண்ணை மூடிக்கொண்டு சுழற்றி, மேலே கிளப்பி, கேட்ச் கொடுத்தவருக்கும் ஸ்கோர் தாளில் அதே அவுட்தான். ஆனால் பாரியா அன்று மூன்றாவது இன்னிங்ஸை முடிக்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஒருவர் பொதுவாக 90, 100 பந்துகள் வரைதான் வீசுவார். அதில் ஐந்தில் ஒரு பங்கை பெல்ட் ஒருவரே தின்றுவிட்டார். இந்த வித்தியாசம் நம் குறிப்பில் எப்படி வர வேண்டும் என்பதுதான் இன்றைய பாடம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். அமெரிக்காவில் மாலையில் நடக்கும் ஆட்டம் நமக்கு விடிகாலையில் வரும் என்பதால், ஒரு காபியும் இருந்தால் நல்லது.

எதை எண்ணுகிறோம்?

ஹிட்டர் ஒவ்வொரு முறை வந்து நின்று, அவர் முறை ஏதோ ஒரு விதத்தில் முடிவதற்கு ‘பிளேட் அப்பியரன்ஸ்’ என்று பெயர். ‘அட்-பேட்’ என்பது அதைவிடச் சின்ன கணக்கு. நான்கு ‘பால்’ (எல்லைக்கு வெளியே போய், ஹிட்டர் சுழற்றாமல் விட்ட பந்து) வாங்கி முதல் பேஸுக்குச் சும்மா நடந்தால் (‘வாக்’), உடம்பில் பந்து பட்டு அங்கே போனால், தன் அவுட்டைக் கொடுத்து ரன்னரை நகர்த்தும் ‘சாக்ரிஃபைஸ்’ அடித்தால் அது அட்-பேட்டில் சேராது. பேஸ் என்பது ரன் எடுக்க வரிசையாகச் சுற்றிவர வேண்டிய இடம். பேட்டிங் ஆவரேஜ் என்பது ஹிட்டை (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸில் ஏறுவதை) அட்-பேட்டால் வகுத்து வருவது. ஆக, அதில் பாதிக் கதை காணாமல் போய்விடுகிறது.

பாதி என்று சும்மா சொல்லவில்லை. 2004இல் பேரி பாண்ட்ஸின் கணக்கைப் பாருங்கள்: 617 பிளேட் அப்பியரன்ஸ், ஆனால் அட்-பேட் 373தான். 135 ஹிட், ஆவரேஜ் 0.362. அருமையான எண்தான். ஆனால் 232 வாக், பந்து பட்டுப் போனது 9 என இவற்றையும் சேர்த்தால் அவர் பேஸில் ஏறியது 376 தடவை. 617ஆல் வகுத்தால் 0.609. பத்து முறை வந்தால் ஆறு முறை அவரை அவுட்டாக்க முடியவில்லை! ஒரு விஷயம்: அந்த 232இல் 120 வாக், பயந்துபோய் வேண்டுமென்றே கொடுத்தது. அப்படிப்பட்டதை நோட்டில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுங்கள். அங்கே ஹிட்டர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

முதல் பந்துக்கு முன்பே நிலைமையை எழுதுங்கள்

எத்தனை அவுட், எந்த பேஸில் ஆள், ஸ்கோர் என்ன. மூன்றே விஷயம். பத்து விநாடி வேலை, ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதிப் பயனில்லை. அவுட் இல்லை, இரண்டாவது பேஸில் ஆள் என்றால், வலப்பக்கம் உருண்டு போகும் சாதாரண பந்துகூட அந்த ரன்னரை மூன்றாவது பேஸுக்குத் தள்ளிவிடும். அதே பந்து, ஓர் அவுட் ஆகி முதல் பேஸில் ஆள் இருக்கும்போது டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆகி இன்னிங்ஸையே முடித்துவிடலாம்.

பன்ட் ஆடி, அதாவது சுழற்றாமல் மட்டையை வைத்துப் பந்தை மெதுவாகத் தட்டி, ரன்னரை ஒரு பேஸ் நகர்த்துவதைக் கமெண்டரியில் ‘தியாகம்’ என்று உருகுவார்கள். நான் அவ்வளவு மார்க் போட மாட்டேன். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால், அந்த இன்னிங்ஸில் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய 0.9 ரன். ஓர் அவுட் கொடுத்து அவரை இரண்டாவது பேஸுக்குக் கொண்டுபோனால் அது 0.7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் வேண்டும் என்றால் சரி, இல்லாவிட்டால் நஷ்டக் கணக்குதான்.

பந்துக்குப் பந்து: விட்டாரா, சுழற்றினாரா?

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. மற்றதைச் சோம்பேறித்தனமாகச் செய்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

ஸ்ட்ரைக் ஸோன் என்பது ஹோம் பிளேட்டின் (ஹிட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டின்) அகலம், அதாவது 17 அங்குலம். உயரம் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள குழியில் தொடங்கி, தோளுக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுப்புள்ளி வரை. இதற்குள் வரும் பந்தை விட்டாலும், எந்தப் பந்தைச் சுழற்றித் தவறவிட்டாலும் அது ஸ்ட்ரைக்; மூன்று விழுந்தால் ‘ஸ்ட்ரைக் அவுட்’. டிவியில் பெட்டி போட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டே எழுத்து எழுதுங்கள். உள்ளே வந்தால் ‘உ’, வெளியே போனால் ‘வெ’. சுழற்றினால் ‘சு’, விட்டால் ‘வி’.

‘வெ-வி’ என்றால் நல்லது. ‘வெ-சு’ என்றால் தப்பு, அது ஹிட் ஆனாலும் தப்புதான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் துரத்தி, எட்ஜ் வாங்கி, ஸ்லிப்புக்கு மேலே நான்கு போனால் நாம் கை தட்டுவோமா? அதே கதைதான். மேஜர் லீக் ஹிட்டர்களே வெளியே போகும் பந்துகளில் நூற்றுக்கு 28 போலத் துரத்துகிறார்கள். வான் சோட்டோ மாதிரி ஆட்கள் அதைவிட எவ்வளவோ குறைவு. 2021இல் அவருக்கு 145 வாக், ஸ்ட்ரைக் அவுட் 93தான். கண் எப்படிப்பட்டது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

‘உ-வி’ என்பதுதான் சிக்கல். கவுண்டைப் பார்க்காமல் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கவுண்ட் என்பது அந்த முறையில் அதுவரை விழுந்த கணக்கு: முதல் எண் பால், இரண்டாவது ஸ்ட்ரைக். 3-0இல் உள்ளே வந்த பந்தை விட்டால் குற்றமில்லை. 3-1இல் பிட்ச்சர் ஸோனுக்குள் வந்தே ஆக வேண்டிய கட்டாயம். அப்போது ஸோனின் நட்டநடுவில் வந்த வேகப் பந்தை வேடிக்கை பார்த்தால் அது விரயம். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு ஓரத்தில் வரும் பந்தை விட்டுவிட்டு அம்பயரை முறைப்பவருக்கும் மார்க் இல்லை. அங்கே தொட்டு ஃபவுல் ஆக்க வேண்டும். பன்ட் தவிர மற்ற ஃபவுலால் மூன்றாவது ஸ்ட்ரைக் விழாது. கேட்சர் கையில் நேராகப் போய் ஒட்டிக்கொண்டால் மட்டும் விழும். பெல்ட் 21 பந்து நின்றது இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான்.

அமெரிக்கப் பள்ளி அணிகளில் பல கோச்சுகள் ஆறு பந்துக்கு மேல் பார்த்தாலே ‘தரமான அட்-பேட்’ என்று டிக் போடுவார்கள். பிள்ளைகளுக்குப் பொறுமை பழக்க அது உதவும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் வந்த இரண்டு நல்ல பந்துகளை விட்டுவிட்டு, அதனாலேயே எட்டுப் பந்து தடுமாறுபவரை நீளத்துக்காகப் பாராட்டுவானேன்? முதல் பந்தே தனக்குப் பிடித்த இடத்தில் வந்து, அதை ஓங்கி அடித்தவருக்கு முழு மார்க் கொடுங்கள்.

பட்ட விதம்

பந்து மட்டையில் எப்படிப் பட்டது? 2015 முதல் மேஜர் லீகின் எல்லா மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் இதை அளக்கின்றன. மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பினால் ‘பலத்த அடி’. கிளம்பும் கோணம் 8 முதல் 32 டிகிரிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) கையில் போய் ஒட்டிக்கொண்டால் அது ஹிட்டரின் குற்றமில்லை. நோட்டில் ‘பலம்’, ‘சுமார்’, ‘சொத்தை’ என்று மூன்றில் ஒன்றை எழுதினால் போதும்.

முடிவை வரிசையின் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள், மார்க் போட்ட பிறகு. ஆரம்பத்தில் நான் ‘ஹிட்’ என்று முதலில் எழுதிவிட்டு, அப்புறம் ‘நல்ல தேர்வு’ என்று சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஹிட் அடித்த எல்லாருக்கும் முழு மார்க்! நிலைமைக்கு ஏற்ற ஆட்டம், பந்தின் தேர்வு, பட்ட விதம் மூன்றுக்கும் தலா ஒரு மார்க். மட்டையில் பந்து படாமலே வாக் போனால் மொத்தம் இரண்டு மார்க்குக்குத்தான் கணக்கு. ஒரே நாளில் ஒருவரைத் தீர்மானிக்காதீர்கள். ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து முறைதான் வருவார். ஐம்பது வரிசையாவது சேரட்டும்.

ஒரு பழைய இன்னிங்ஸைப் போட்டுப் பார்ப்போம்

1988 அக்டோபர் 15, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். டாட்ஜர்ஸ் 3, ஓக்லண்ட் 4. வீசுபவர் டென்னிஸ் எக்கர்ஸ்லி. எதிரே டாட்ஜர்ஸின் கிர்க் கிப்சன், இரண்டு கால்களிலும் காயம். முதல் இரண்டு பந்தும் ஃபவுல், கவுண்ட் 0-2. மூன்றாவது பந்து, முதல் பேஸ் கோட்டோரம் சொத்தையாக உருண்டு ஃபவுல். நான்காவது வெ-வி. ஐந்தாவது ஃபவுல். ஆறாவது வெ-வி. ஏழாவதும் வெ-வி, கவுண்ட் 3-2. அந்தப் பந்தில் முதல் பேஸில் இருந்தவர் இரண்டாவது பேஸைத் ‘திருடினார்’, அதாவது பந்து வீசப்படும்போதே ஓடிப்போய்ப் பிடித்தார். இடக்கை ஹிட்டருக்கு 3-2இல் எக்கர்ஸ்லி வெளியிலிருந்து உள்ளே வளையும் ஸ்லைடர் போடுவார் என்று எதிரணியை வேவுபார்க்கும் ஸ்கவுட் மெல் டிடியர் முன்பே சொல்லிவைத்திருந்தார். அதுவே வந்தது. ஹோம் ரன்: பந்து வேலியைத் தாண்டியது, இருவரும் ஓடிவந்து 5-4. நிலைமை 1, தேர்வு 1. பட்ட விதத்தில் கடைசிப் பந்துக்கு முன்னால் எல்லாம் சொத்தை, கடைசியில் பலம். முறையை முடித்தது அதுதான் என்பதால் அதற்கும் 1.

இப்போது நோட்டில் அதற்கு மேல் வரிசையைப் பாருங்கள். அந்தத் திருடிய ஆள் மைக் டேவிஸ். அந்த ஆண்டு அவர் ஆவரேஜ் 0.196. எக்கர்ஸ்லியோ அந்த சீசன் முழுக்கவே 11 வாக்தான் கொடுத்திருந்தார். அடுத்து வரப்போவது கிப்சன் என்று தெரியக் கூடாதென்று மேனேஜர் டாமி லசோர்டா அடுத்த ஹிட்டர் காத்திருக்கும் ஆன்-டெக் வட்டத்தில் டேவ் ஆண்டர்சனை நிற்கவைத்திருந்தார். டேவிஸ் முந்தைய ஆண்டு ஓக்லண்டுக்காகவே ஆடி 22 ஹோம் ரன் அடித்தவர் என்பதால் எக்கர்ஸ்லி அவருக்குச் சற்று ஜாக்கிரதையாக வீசினார். டேவிஸ் அவசரப்படவில்லை, வாக் வாங்கிக்கொண்டு முதல் பேஸுக்குப் போனார். அட்-பேட் கணக்கில் அது இல்லை. என் நோட்டில் இரண்டுக்கு இரண்டு.