குழந்தைகளும் நாயும் பூனையும் உள்ள வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வது எப்படி?

குடியிருக்கும் வீட்டை விற்பது காலி வீட்டை விற்பதைக் காட்டிலும் சிரமமானது. அதிலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் ஒரு நாயோ பூனையோ இருக்கும் வீடென்றால், காலையில் கூட்டித் துடைத்தது மாலைக்குள் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே வீடு முழுவதையும் எந்நேரமும் பளிச்சென்று வைத்திருக்கும் முயற்சியை முதலிலேயே கைவிட்டுவிடலாம். மதுரையில் வீடு பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களும் பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்கள்தாம். கூடத்தில் சைக்கிள் சாய்ந்து நிற்பதையோ, மேசைமேல் பாடப்புத்தகம் விரிந்து கிடப்பதையோ அவர்கள் பொருட்படுத்துவதில்லை. அவர்களை முகம் சுளிக்க வைப்பவை நாற்றமும் சுவரின் ஓதமும்தாம். விலையைக் குறைத்துக் கேட்க இவையே காரணமாகின்றன என்பதால், செலவையும் உழைப்பையும் இங்கேதான் முதலில் இட வேண்டும்.

நாற்றத்தில் உள்ள சங்கடம், வீட்டில் இருப்பவர்களின் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும் என்பது. நெடுநாள் வீட்டுக்கு வராத உறவினர் ஒருவரை அழைத்து, வாசலில் செருப்பைக் கழற்றிய உடனேயே என்ன வாசம் வருகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாய் சிறுநீர் கழித்த மூலையில் ஃபினாயிலை ஊற்றுவதுதான் நம் வழக்கம். ஆனால் அது அடிநாற்றத்தை நீக்காமல் மேலே மற்றொரு வாசத்தைப் பூசுகிறது. ஃபினாயில் வகைகள் பலவற்றில் இருக்கும் ஃபீனால் பூனைகளுக்கு நஞ்சு என்பதையும் மறக்கக்கூடாது. ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவதன் மூலமே அது அவற்றின் உடலுக்குள் சென்றுவிடும். பீங்கான் டைல்ஸ் தரையென்றால் வினிகரில் சம அளவு நீர் கலந்து துடைத்து, உலர்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி, ஓரிரவு விட்டுக் கூட்டி எடுக்கலாம். மார்பிள், மொசைக், ஆத்தங்குடிக் கல் ஆகிய தரைகளில் வினிகர் படவே கூடாது, அமிலம் அவற்றின் மெருகை அரித்துவிடும். அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவமே ஏற்றது. நாய் படுக்கும் சாக்கையும் பழைய மெத்தையையும் துவைத்துப் பார்ப்பதைவிடத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே மேல்.

சுவரில் பிள்ளைகள் கிரேயானால் வரைந்தவற்றை, எமல்ஷன் பூசிய சுவரென்றால், ஈரத் துணியில் சிறிது சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்த்தே எடுத்துவிடலாம். டிஸ்டெம்பர் சுவரில் இப்படித் தேய்த்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும். அதற்காகக் கிரேயான் மேலேயே நேரடியாகப் பெயின்ட் அடித்தால் மெழுகின் மீது அது ஒட்டாமல் கறை மறுபடியும் எட்டிப்பார்க்கும். உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும். கதவில் ஒட்டிய கார்ட்டூன் ஸ்டிக்கர்களின் பசைக்குத் தேங்காய் எண்ணெயே போதும். ஓதம் அப்படிப்பட்டதன்று. மொட்டை மாடியின் தளவோடு இடுக்கிலோ குளியலறை டைல்ஸ் இணைப்பிலோ நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கொத்தனாரை வைத்துக் கண்டுபிடித்து அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு வேலையைத் தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவசரமாகப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. அட்வான்ஸ் கொடுக்க யாரும் முன்வராத ஆடி மாதத்தில் இவ்வேலைகளை முடித்துக்கொண்டால், ஆவணியில் வருகிறவர்களுக்கு வீடு தயாராக இருக்கும்.

நாய் பிறாண்டிய கதவை ஆசாரி ஒரே நாளில் சரிசெய்துவிடுவார். பூனை கிழித்த ஜன்னல் கொசுவலையை மாற்றச் செலவு அதிகமில்லை. மாற்றாவிட்டால் வீடே பராமரிப்பின்றிக் கிடப்பதுபோல் தோன்றும். போர் தண்ணீரின் உப்புப் படிந்த குழாய்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் பெருமளவு நீங்கும். தரைக்கு ஆசிட் ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பிள்ளைகளும் பிராணிகளும் வீட்டில் இல்லாத நேரத்தில் ஊற்ற வேண்டும்; அதனோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

வீடு பார்க்க வருவோரின் நேரத்தைத் தினசரிக் காலண்டரைக் கொண்டே ஓரளவு கணித்துவிடலாம். ஞாயிறன்று பகல் 12 மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது, மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். எனவே நாள் பார்க்கும் குடும்பங்கள் வாஸ்து பார்ப்பவரையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில்தான் நம் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும். விற்பனை முடியும்வரை ஞாயிறு சமையலைப் பிற்பகலுக்குத் தள்ளி வைப்பதில் நட்டமில்லை. பொம்மைகளை அள்ளிப் போட மூடியுள்ள பெட்டி ஒன்றைக் கூடத்திலேயே வைத்துவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும் என்று புரோக்கரிடம் கண்டிப்பாகக் கூறிவிட வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் மாலை நேரங்களில் யாரையும் அனுமதிக்க வேண்டியதில்லை.

வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கையில் நாய் வீட்டில் இல்லாதிருப்பதே இரு தரப்புக்கும் நல்லது. எவ்வளவு சாதுவான நாயானாலும், தன் இடத்தில் அன்னியர் அறை அறையாக நுழைவதை அது ஏற்காது. மொட்டை மாடியில் கட்டிவைப்பது கொடுமை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் வெறுங்காலோடு நாமே அங்கு நிற்க முடியாது. ஒருவர் நாயை நடத்திக்கொண்டு போகட்டும், மற்றொருவர் பிள்ளைகளைப் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அங்கே சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் தொழுவத்தில் காளை நிற்கும் வீடுகளில் சாணத்தை அள்ளித் தரையைக் கழுவிவிட்டால் போதும், அங்கே தொழுவம் இருப்பது வீட்டுக்குக் கூடுதல் மதிப்புத்தான்.

இணையத்தில் போடும் படங்களில் பிள்ளைகளின் முகமோ, பள்ளிச் சீருடையோ, சுவரில் மாட்டிய சான்றிதழின் பெயரோ தெரியக்கூடாது. மூலப்பத்திரத்தை நகலெடுத்துக்கொண்டு, அசலைப் பூட்டி வைக்க வேண்டும். விலை படிந்ததும் கிரய ஒப்பந்தம் எழுதுகையில், ஏப்ரலில் ஆண்டுத்தேர்வு முடியும்வரை குடியிருந்துவிட்டு எந்தத் தேதியில் வீட்டை ஒப்படைப்பது என்பதையும், அதுவரை வாடகை உண்டா இல்லையா என்பதையும் வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.