மம்மி பற்றிப் பேசுமுன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் எகிப்து மம்மி, அதாவது கெடாமல் பாடம் செய்த உடல், இருக்கும் அறையில் கூட்டம் நெரியும். சில வருடங்களுக்கு முன் அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "பிரமிடுக்குள்ள இருந்து எடுத்ததுடா. ராஜாக்களுக்கு மட்டும்தான் இப்படிச் செய்வாங்க. திரும்ப எழுந்து வருவாங்கன்னு நம்பி மூளையைப் பத்திரமா வெச்சிருப்பாங்க. சுத்தியிருக்கு பாரு துணி, அது நம்ம நாட்டு மஸ்லின். தொட்டா சாபம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரி முடிக்கும்வரை நானும் ஏறக்குறைய இதையேதான் நம்பியிருந்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை.

மூளையிலிருந்தே தொடங்கலாம். எகிப்தியர் அதைப் பத்திரப்படுத்தவில்லை. மூக்கு வழியாகக் கொக்கியை விட்டுக் கலக்கி, வெளியே எடுத்து எறிந்தார்கள். எண்ணமும் நினைவும் இதயத்தில் குடியிருப்பதாக நம்பியவர்களுக்கு மூளை வெறும் கசடு. இடது விலாவுக்குக் கீழே கீறிக் கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்து, தனியே உலர்த்திச் சாடிகளில் வைத்தார்கள். இதயத்தை உடலிலேயே விட்டார்கள். மறுமையில் ஒசிரிஸ் என்ற கடவுளின் முன்னிலையில் தராசில் ஏறப்போவது அதுதான். மறுதட்டில் மாஅத் என்ற நீதித் தேவதையின் இறகு இருக்கும். இதயம் கனத்துப்போனால், முதலைத் தலையும் நீர்யானைப் பின்பாகமும் கொண்ட அம்மித் என்ற பூதம் அதை விழுங்கிவிடும். அதோடு அந்த ஆளின் கதை முடிந்தது. அதனால் "எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே" என்று இதயத்திடமே கெஞ்சும் மந்திரம் ஒன்றை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மார்பின்மேல் வைத்தார்கள். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. எகிப்தியர் சாட்சிக்காரன் காலிலேயே விழுந்தார்கள்.

ரகசிய மூலிகை, மறைந்துபோன வித்தை என்றெல்லாம் எழுதுவதையும் விட்டுவிடலாம். கருவாடு போடத் தெரிந்தவருக்கு மம்மியின் அடிப்படை உடனே புரியும்: குடலை எடு, உப்பில் புதை, ஈரம் வற்றட்டும். உப்புதான் வேறு. நைல் டெல்டாவுக்கு மேற்கே வாதி நாட்ரூன் ஏரிகளில் படியும் நேட்ரான் என்ற சோடா உப்பு அது. ஈரத்தை உறிஞ்சும், கொழுப்பையும் கரைக்கும். சடங்குக் காலம் மொத்தம் 70 நாள். உடல் நேட்ரானில் கிடந்தது சுமார் 40 நாள். மீதி நாட்கள் எண்ணெய், பிசின், துணிச்சுற்று. 70 நாளும் உப்பில் கிடந்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைக்க, அதையே இன்றும் பலர் நகலெடுக்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன இன்னொரு செய்தி உபயோகமானது: பாடம் செய்பவர்களிடம் மூன்று தரம், மூன்று விலை இருந்தது. காசில்லாதவருக்கு மலிவான முறை. ஆக, ராஜாவுக்கு மட்டும் என்பதும் அடிபட்டுப் போகிறது. பூனையும் ஐபிஸ் பறவையும்கூட லட்சக்கணக்கில் மம்மியாயின. 1890-ல் சுமார் 1,80,000 பூனை மம்மிகள் கப்பலில் லிவர்பூல் போய், வயலுக்கு உரமாக ஏலம் விடப்பட்டன.

சரி, எழுந்து நடப்பது? அது சினிமா. இந்த உலகத்துக்கு உடம்போடு திரும்பி வரவேண்டும் என்று எகிப்தியர் உடலைக் காக்கவில்லை. மனிதருக்குப் பல கூறுகள் உண்டு என்பது அவர்கள் கணக்கு. 'கா' படையலை உண்ணும். 'பா' மனிதத் தலை கொண்ட பறவையாகப் பகலில் வெளியே போய்விட்டு இரவில் உடலுக்குத் திரும்பும். திரும்பி வரும் பறவைக்குக் கூடு வேண்டாமா? அந்தக் கூடுதான் மம்மி.

பிரமிடு விஷயத்தை ஒரு கணக்கில் முடித்துவிடலாம். கீஸாவின் பெரிய பிரமிடுகள் கி.மு. 2500-ஐ ஒட்டியவை. மன்னன் துட்டன்காமன் இறந்தது அதற்கு ஆயிரத்து இருநூறு வருடங்களுக்குப் பின்னால், கி.மு. 1323 வாக்கில். அவன் காலத்து மன்னர்கள் பாறையைக் குடைந்து மன்னர் பள்ளத்தாக்கில் புதைந்தார்கள். அங்கும் திருட்டு ஓயாததால் பூசாரிகள் பல மன்னர்களின் உடல்களை அள்ளிக்கொண்டுபோய் டெய்ர் எல்-பஹ்ரியில் ஒரு குகைக் கல்லறையில் ஒளித்தார்கள். 1881-ல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது இரண்டாம் ராம்சேசும் அதற்குள் இருந்தார்.

அவர் பெயர் வந்ததும் நம் ஆட்கள் மிளகைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான். ராம்சேஸின் மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்தான். ஆனால் அந்தச் சில மணிகளை வைத்துக்கொண்டு, "கி.மு. 1213-லேயே தமிழர் கப்பல்கள் நைல் நதியில் நின்றன" என்று எழுதுவது தாவல். பல கை மாறியும் போயிருக்கலாம்; மிளகு வந்த வழியை மிளகு சொல்லாது. மஸ்லின் கதையோ அந்த அளவுக்குக்கூடத் தேறாது. மம்மியைச் சுற்றியது லினன், அதாவது ஆளிவிதைச் செடியின் நாரில் நெய்தது. பல நேரம் வீட்டில் உடுத்திக் கிழிந்த பழந்துணியைத்தான் நாடாவாகக் கிழித்துச் சுற்றினார்கள். அதேபோல ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியை 'தமிழர் மம்மி' என்று சொல்வதும் வேண்டாம். தாழி உடலைக் கெடாமல் காக்கும் ஏற்பாடல்ல. சதை போனபின் எலும்பை மட்டும் பொறுக்கி இட்ட தாழிகளும் உண்டு. புறநானூற்றில் கணவனை இழந்த ஒரு பெண் குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். அவள் கேட்டது இடம்தான்.

சாபத்துக்கு வருவோம். துட்டன்காமன் கல்லறை 1922 நவம்பரில் திறந்தது. செலவைச் சுமந்த கார்னர்வான் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார். கொசுக்கடியைச் சவரக்கத்தி கீறி, சீழ்பிடித்து, ரத்தம் கெட்டுப்போனது. பெனிசிலின் வராத காலம். தோண்டிய ஹோவர்ட் கார்ட்டரோ 1939 வரை இருந்தார். சாபம் இருந்திருந்தால் முதலில் பிடித்திருக்க வேண்டியது அவரைத்தான். பிசினில் ஒட்டிக்கொண்டிருந்த உடலைச் சவப்பெட்டியிலிருந்து எடுக்கத் துண்டு துண்டாக வெட்டியது அவருடைய குழு. பிறகு ஏன் கதை பரவியது? செய்தி உரிமையைப் பிரபு லண்டன் டைம்ஸ் ஒன்றுக்கே விற்றுவிட்டார். மற்ற பத்திரிகைகளுக்குக் கல்லறைச் செய்தி கிடைக்கவில்லை, சாபம் கிடைத்தது.

ஆனால் மம்மி விஷயத்தில் மனிதகுலம் செய்த மிகப் பெரிய தவறு இதெல்லாம் இல்லை. அது மொழிபெயர்ப்பில் நடந்தது. பாரசீகம், அரபு மருத்துவத்தில் 'மூமியா' என்பது பாறையிலிருந்து கசியும் கரிய நிலக்கீல். காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் மருந்து. மம்மிகளின் மேல் கறுத்துக் கிடந்த பிசினும் அதுதான் என்று நினைத்தார்கள். பெயர் பிசினுக்குப் போனது. பிசினிலிருந்து பிணத்துக்குப் போனது. ஐரோப்பியர் அதற்கப்புறம் பிணத்தையே பொடியாக்கி விழுங்கினார்கள். ஓரிரு பைத்தியக்காரர்கள் செய்தது என்று நினைக்க வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் மருந்துக்கடைகளில் விற்ற சரக்கு. கிராக்கி கூடக்கூட, அண்மையில் செத்தவர்களின் உடலையே பதப்படுத்திப் பழைய மம்மி என்று தள்ளிவிடும் போலிகளும் கிளம்பின. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே 1582-ல் இதைக் கண்டித்து எழுதினார்: குணமாவதில்லை, வயிற்றைப் புரட்டுகிறது. ஓவியர்களுக்கு 'மம்மி பிரவுன்' என்று சாயமும் இருந்தது. அது எதிலிருந்து ஆனது என்று தெரியவந்ததும் ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் தன்னிடமிருந்த சாயக்குழாயைத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தார். சாயமாக அரைபட்ட மனிதருக்குக் கடைசியில் யாரோ ஒரு சடங்கு செய்தார்களே என்று தோன்றும்.

எகிப்துதான் முதல் என்பதும் இல்லை. வடசிலியில் அரிகா கடற்கரையில் சின்சோரோ என்ற மீனவ மக்கள் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே உடலைப் பாடம் செய்தார்கள். எகிப்துக்கு ஈராயிரம் ஆண்டு முந்தியவர்கள். அரசன் இல்லை, எழுத்து இல்லை, பானைகூட இல்லை. தோலை உரித்து, எலும்புகளுக்குக் குச்சி கட்டி, களிமண் அப்பி, முகத்துக்கு முகமூடி வைத்து, மாங்கனீசு கொண்டு கறுப்புப் பூசினார்கள். பிந்திய காலத்தில் செங்காவி. பிறந்ததும் இறந்த பிள்ளைக்கும் கலைந்த கருவுக்கும்கூட இதே கவனம். பெரிய பதவிக்காரருக்கே இது என்று பழகிய நம் கண்ணை அந்தச் சின்னஞ்சிறு உடல்கள் திருத்திவிடும். யுனெஸ்கோ 2021-ல் அந்த இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கெடாத உடலைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கையைத் தேடுவதிலும் கவனம் வேண்டும். பனியும் மணலும் சதுப்பும் எந்த மதத்தையும் சேர்ந்தவை அல்ல. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த ஓட்ஸி என்ற ஆதிகால மனிதன், முதுகில் அம்பு பாய்ந்து விழுந்தவன்; யாரும் அவனைப் பாடம் செய்யவில்லை. மெக்சிகோவின் குவானாஹுவாட்டோ மம்மிகள் இன்னும் கசப்பு. அங்கே 1865 முதல், கல்லறை வரி கட்ட முடியாத குடும்பங்களின் பிணங்களைக் கல்லறையிலிருந்து வெளியே எடுத்தார்கள். வறண்ட சூழலில் அவை காய்ந்துகிடந்தன, காட்சிப்பொருளாயின. அங்கே மறுமை நம்பிக்கையைத் தேடுபவருக்கு வரி ரசீதுதான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. நாம் 'பிணம்' என்று முடிவுகட்டிவிட்டு அப்புறம் பார்க்கத் தொடங்குகிறோம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொராஜா மக்கள் இறந்தவரை மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பதை 'பிணங்களோடு வாழும் விநோத மக்கள்' என்று தலைப்புப் போட்டு வீடியோ விடுகிறார்கள். அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள், பிணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'மக்குலா', அதாவது உடம்பு சரியில்லாதவர். வேளாவேளைக்குச் சாப்பாடு வைப்பார்கள். வெளியே போகும்போது சொல்லிக்கொண்டு போவார்கள். ரம்பு சோலோ என்ற பெரிய சடங்கில் எருமை பலியான பிறகுதான் அவர் இறந்தவர். இப்போதெல்லாம் உடல் கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊசி போடுகிறார்கள். ஊசி புதிது, எண்ணம் பழையது. ஜப்பானின் யமகாட்டா மலைக் கோயில்களில் உட்கார்ந்தபடி இருக்கும் துறவிகளின் கதையும் இதே வகை. தானியம் விட்டு, கொட்டையும் மரப்பட்டையுமாக உண்டு, வருடக்கணக்கில் உடலை வற்றவைத்து அடங்கியவர்கள் அவர்கள். சின்னியோகாய் என்ற துறவி 1783-ல் அப்படி அடங்கினார். தற்கொலை, பட்டினிச் சாவு என்று வெளியார் எழுதுவது பக்தர்களுக்குப் புரியாது. அவர் தியானத்தில் இருக்கிறார், இன்றும் உடை மாற்றுகிறார்கள். ஜீவசமாதி பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கக் கூடாது.

தென் அமெரிக்காவை ஆண்ட இன்காக்களிடம் இது அரசியலாகவே இருந்தது. இறந்த பேரரசன் சொத்தை இழப்பதில்லை. நிலமும் மாளிகையும் ஊழியரும் அவன் பெயரிலேயே இருக்கும். அவன் வழிவந்த குடும்பம் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். விழா நாளில் மம்மியைத் தலைநகர் குஸ்கோவின் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து, சிச்சா என்ற சோளக் கள்ளைப் படைப்பார்கள். புதிதாகப் பட்டத்துக்கு வந்தவன் தனக்கென்று புதுச் சொத்து தேட வேண்டும். இப்படி ஆண்டுகொண்டிருந்த முன்னோர்களை, நாட்டைப் பிடித்த ஸ்பானியர் விட்டுவைப்பார்களா? 1559-ல் போலோ தெ ஒந்தேகார்தோ என்ற அதிகாரி தேடிப்பிடித்துப் பறிமுதல் செய்தார். இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ அப்போது குஸ்கோவில் இளைஞர். ஸ்பெயினுக்குப் புறப்படுமுன் அந்த உடல்களைப் பார்த்தார். வைனா காபக் மன்னரின் விரலைத் தொட்டதாகவும், அது மரச்சிலையின் விரல்போல விறைத்திருந்ததாகவும் பின்னால் எழுதினார். வெள்ளைத் துணி போர்த்தித் தெருவழியே தூக்கிப்போனபோது மக்கள் மண்டியிட்டு அழுதார்கள். அந்த வழியில் வந்த ஸ்பானியரும், போவது அரசர்கள் என்பதால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.