பெரியம்மாவின் நினைவு மலர்: பேச்சு வரும்வரை காத்திருந்து தொகுப்பது எப்படி

பதினாறாம் நாள் காரியத்துக்குள் மலர் அச்சாகிவிடும் என்று நினைத்தோம். வருஷத் திதிக்குத்தான் வந்தது. பெரியம்மா பேச்சுப் பயிற்சியாளர்; திக்குகிறவர்களுக்கும் பேச்சு போனவர்களுக்கும் பேசப் பயிற்சி கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்குக் காசு வாங்காமல் போய்வந்தார். இப்படி ஒருவருக்கு மலர் போடுகிறீர்களா? முதலிலேயே திதியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி நிறையச் சொல்ல இருப்பவர்களுக்குத்தான் சொல்ல நேரம் பிடிக்கும்.

வேலையின் பெயரைச் சரியாகப் போடுங்கள். எங்கள் முதல் புரூஃபில் சித்தப்பா "ஊமைப் பிள்ளைகளுக்கு டீச்சர்" என்று எழுதியிருந்தார், அத்தை "டாக்டர்" ஆக்கியிருந்தார். இரண்டும் இல்லை. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்தில் படித்தவர். பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்துப் பார்த்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

பேட்டியில்தான் நான் தப்பு செய்தேன். துணிக்கடையில் கணக்கு எழுதும் ஒருவர், சிறுவயதில் பெரியம்மாவிடம் வந்தவர். இன்னும் கொஞ்சம் திக்கும். "பெ... பெ..." என்று அவர் ஆரம்பித்ததும், "பெரியம்மாவா?" என்று நான் முடித்துவைத்தேன். சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவர் சொல்ல வந்தது பென்சில். "நான் திக்கினா, அவங்க பென்சிலைக் கீழ வெச்சிடுவாங்க. முடிக்கிறவரைக்கும் எடுக்க மாட்டாங்க." அன்றைக்கே நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். நீங்களும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். "மெதுவா பேசுங்க", "மூச்சை இழுத்து விடுங்க" என்றெல்லாம் நல்லெண்ணத்தில்கூடச் சொல்லாதீர்கள்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களிடம் "அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் பாவம், தவிப்பார்கள். புகைப்படங்களைக் கொண்டுபோங்கள். ஆமாம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரிக் கேளுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகு அடுத்தது. ஒரு தாத்தாவுக்குத் தன் மனைவி பெயரே வராது. பெரியம்மா படத்தைப் பார்த்ததும் தேவாரம் ஒன்றின் முதல் இரண்டு அடியைத் தெளிவாகப் பாடினார். பேச்சு வராதவர்களில் சிலருக்குப் பாட்டும், ஒன்று இரண்டு மூன்றும், கிழமைகளும் தங்கிவிடும். அந்தப் பிடியை வைத்துத்தான் பெரியம்மா அவரிடம் வேலை செய்திருக்கிறார். மலரில் "பாடினார்" என்று மட்டும் போட்டோம். என்ன சொல்ல நினைத்தார் என்று நாங்களாக எழுதவில்லை.

யார் யார் பயிற்சிக்கு வந்தார்கள் என்பது நம் குடும்பச் சொத்து இல்லை. பெயர் போட அவரவரிடமே கேளுங்கள்; அன்று குழந்தையாக வந்தவர் இன்று பெரியவர் என்றால் அவருடைய அம்மா சம்மதித்தது போதாது. பீரோவில் நாற்பது கேசட்டுகள் இருந்தன. போடுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், நாடா ஒட்டியிருக்கும். குழந்தைகளின் குரல்களை யாருக்கும் கொடுக்கவில்லை. பெரியம்மா "ம்... அப்புறம்?" என்று கேட்பதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டோம்.

அச்சில், எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல், வாக்கியம் சின்னதாக, வரிகளுக்கு நல்ல இடைவெளி விட்டு. அந்தத் தாத்தாவும் படிக்க வேண்டுமே. நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். எங்களுக்கு இரண்டு பக்கம் மிஞ்சியது. அச்சகக்காரர் விளம்பரம் பிடித்துத் தருவதாகச் சொன்னார். கோடு மட்டும் போடச் சொன்னேன்; இன்னும் சொல்லி முடிக்காதவர்கள் இருக்கிறார்கள்.