அம்பாசடர் வாட்டர் பம்ப்புக்குப் புது புல்லி மாட்டும்போது

ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. கடல் காற்றில் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) உட்காரும் ஹப்பின் முகம் துருப்பிடித்துப் பொருக்குத் தட்டியிருக்கும், அதன் மேலேயே புதுசை மாட்டினால் புல்லி நேராக உட்காராது, ஆடிக்கொண்டே சுற்றும், பெல்ட்டும் சீக்கிரம் பிய்ந்துபோகும். எமரி தாளால் தேய்த்து, விரல் நுனியில் தடவிப் பாருங்கள், துளி மேடுகூடத் தட்டுப்படக் கூடாது.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஃபேனையும் புல்லியையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளை பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே லூஸ் செய்துவிட வேண்டும், பெல்ட்டைத் தளர்த்திய பிறகு ஸ்பேனர் போட்டால் போல்ட்டோடு புல்லியும் சேர்ந்து சுற்றும். அப்புறம் டைனமோவை உள்ளே தள்ளி பெல்ட்டை எடுத்துவிடலாம். புல்லி கழன்றதும் பம்ப் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, புல்லி மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

பழைய புல்லியின் பள்ளத்தில் அடிப்பகுதி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் உரசி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் பக்கவாட்டுச் சுவர்களைத்தான் பிடித்து ஓட வேண்டும்.

புதுசை வைத்து எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, ஸ்பிரிங் வாஷரோடு எதிரெதிராக இறுக்குங்கள். இன்ஜின் அடியில் இருக்கும் கிராங்க் புல்லியோடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெல்ட்டின் நீளமான பக்கத்தை நடுவில் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கினால் சரி, அதைவிட இறுக்கினால் பம்ப் பேரிங் தாங்காது.