பேஸ்பால் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்பால் பந்தின் எடை 142 முதல் 149 கிராம் வரை. பந்து வீசுபவரான பிட்சர் காலூன்றி வீசும் ரப்பர் பட்டையிலிருந்து, பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் தரைத்தகடான ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அரை நொடி முடிவதற்குள் பந்து வந்துவிடும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் அம்பயர், பந்து தன்னைவிட்டு விலகிப் போவதைப் பார்க்கிறார். பேஸ்பாலில் பிளேட் அம்பயருக்கோ பந்து நேரே முகத்தை நோக்கி வருகிறது. நடுவில் இருப்பது, அவருக்கு முன்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறை ஒன்றுதான். பந்து மட்டையின் விளிம்பில் உரசித் திசை மாறினால் அந்தக் கையுறையும் உதவாது.

இதனாலேயே புதிதாக வருகிறவர்கள் கவசத்தை அடிபடாமல் தப்பிக்கும் சாமானாக மட்டும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு. உங்கள் தலையை அசையாமல் நிறுத்துவது கவசம்தான். உடம்பில் எங்கோ ஓரிடம் மூடப்படவில்லை என்று தெரிந்தால், பந்து வரும் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் திரும்பும், தலை ஒதுங்கும். அப்புறம் சொல்வதெல்லாம் குத்துமதிப்புதான். நான் தந்த மோசமான தீர்ப்புகளை எண்ணிப் பார்த்தால், விதி தெரியாமல் சொன்னவை குறைவு. பயத்தில் தலை அசைந்து சொன்னவையே அதிகம்.

கேட்சரின் கவசத்தை இரவல் வாங்குவது

முதல் ஆட்டத்தில் பெரும்பாலோர் செய்வது இது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கேட்சரின் மார்புக் கவசம் மெத்தென்று இருக்கும். பட்ட பந்து துள்ளி ஓடாமல் அவர் காலடியிலேயே விழ வேண்டும் என்பதற்காக. அம்பயருக்கு அந்தக் கவலை கிடையாது. அவருக்கு வேண்டியது நுரைமெத்தைக்கு மேல் கெட்டியான தகடு பதித்த கவசம். கேட்சர் கவசத்தை உடைக்கு மேலே போடுகிறார். அம்பயர் சட்டைக்கு உள்ளே போடுகிறார். அதனால் சட்டையை வாங்கும்போது கவசத்தைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். இறுக்கமான சட்டை, நீங்கள் குனியும்போது கவசத்தை மேலே தள்ளித் தாடையில் இடிக்க வைக்கும்.

எந்தக் கவசம் போடுகிறோம் என்பது தீர்ப்பையே மாற்றும். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. அமெரிக்கன் லீக் அம்பயர்கள் ஒரு காலத்தில் பெரிய தலையணை போன்ற கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதை வைத்துக்கொண்டு கேட்சரின் தோளோரம் இறங்கிப் பார்க்க முடியாது. அவர் தலைக்கு மேலிருந்துதான் பார்க்க முடியும். நேஷனல் லீக்கிலோ உள்கவசம். நேஷனல் லீக்கில் தாழ்வான பந்துகளுக்கும் அமெரிக்கன் லீக்கில் உயரமான பந்துகளுக்கும் ஸ்ட்ரைக் (பேட்டர் அடித்திருக்க வேண்டிய பந்து என்ற தீர்ப்பு) அதிகம் கிடைக்கிறது என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டதற்கு இந்த வேறுபாட்டையே காரணமாகச் சொல்வார்கள். 1977 முதல் அமெரிக்கன் லீக்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் உள்கவசம்தான் போட வேண்டும் என்றாயிற்று. பழையவர்களில் ஜெர்ரி நியூடெக்கர் மட்டும் 1985இல் ஓய்வு பெறும் வரை தலையணையை விடவில்லை.

கவசத்தைத் தாழ்வாக மாட்டுவது அடுத்த தவறு. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆட்டத்தில் நிற்பதுபோல் குனிந்து பாருங்கள். கழுத்தெலும்பு வெளியே தெரிந்தால் தோள்பட்டியை இறுக்க வேண்டும். தெறித்து வரும் பந்து உடைப்பதற்கு வசதியான எலும்பு அது. பட்டிகள் நாளாக ஆகத் தளரும். வாங்கிய அன்று சரி செய்ததோடு விட்டுவிடாதீர்கள்.

மாஸ்க்கை இறுக்கிக் கட்டுவது

மாஸ்க் முகத்தில் நகராமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கிடுக்கிபோல் பிடித்தால் இரண்டு கெடுதல். பந்து படும்போது அதன் வேகத்தில் கொஞ்சத்தை, மாஸ்க் சற்றே திரும்பித் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். இறுக்கிக் கட்டினால் முழு அதிர்ச்சியும் தலைக்குப் போகும். இன்னொன்று, கழற்றும்போது தொப்பியும் கூடவே வரும். ஓட்டக்காரர் பிளேட்டை நோக்கிப் பாய்ந்து வரும் நேரத்தில் தரையில் கிடக்கும் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அம்பயரை யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அது நடந்திருக்கிறது. கூட்டம் சிரித்தது; என் தீர்ப்பு என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை.

மாஸ்க்கை இடக்கையால் கழற்றுங்கள். வலக்கை தீர்ப்பு காட்டுவதற்கு. கன்னப் பக்கம் பிடித்து முதலில் முன்னே இழுத்து, அதன்பின் மேலே தூக்கினால் தொப்பி அசையாது. பால் (ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போகும் பந்து), ஸ்ட்ரைக் கணக்கைக் காட்டும் சிறு எண்ணியும் அதே இடக்கையில்தான் இருக்கும் என்பதால், இதை வீட்டில் நூறு தடவை செய்து பழகலாம். மாஸ்க்குக்குள் போடவென்றே முன்விளிம்பு குட்டையான தொப்பி இருக்கிறது. விளிம்பு நீண்ட தொப்பி கம்பியில் இடித்துக்கொண்டே இருக்கும்.

மாஸ்க்குக்குக் கீழே தொங்கும் தொண்டைக் காப்பை அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1976இல் டாட்ஜர்ஸ் அணியின் கேட்சர் ஸ்டீவ் யேகர் தன் முறைக்காகக் காத்து நின்றபோது, உடைந்து பறந்த மட்டையின் சிம்புகள் அவர் கழுத்தில் பாய்ந்தன. அதற்குப் பிறகுதான் அந்த அணியில் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் டிரெயினர் பில் பூலர் இந்தக் காப்பை உருவாக்கினார். அதைக் கழற்ற நினைப்பவர்கள் அந்தக் காயத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். மாஸ்க்கா, ஹாக்கி பாணி ஹெல்மெட்டா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஹெல்மெட் தலையின் பக்கங்களையும் மூடும். மாஸ்க் சட்டென்று கழன்று வரும். எது உங்களை அசையாமல் நிற்க வைக்கிறதோ அதை எடுங்கள்.

கால் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழங்கால், கணுக்கால் கவசங்களின் கொக்கிகள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் போட்டால் ஓடும்போது ஒன்றோடொன்று மாட்டிக் குப்புற விழுவீர்கள். சாதாரண ஷூ வேண்டவே வேண்டாம். விரலுக்கு இரும்பு முனையும் பாதத்தின் மேல்பக்கத்துக்குத் தகடும் வைத்த பிளேட் ஷூவே வேண்டும். இடுப்புக்குக் கீழே போடும் கப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மறந்துவிட்டு வந்தால் அன்று பிளேட்டுக்குப் போகாதீர்கள், ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் பேஸ் பக்கம் அம்பயராக நில்லுங்கள்.

கையை எங்கே வைப்பது

கவசமே இல்லாத உறுப்பு கைதான். முழங்கால் மேல் விரல்களை விரித்து ஊன்றி நிற்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் உரசி வரும் பந்துக்கு அந்த விரல்களே இலக்கு. இடக்கையை இடுப்போடு ஒட்டி மடித்து வையுங்கள். வலக்கையை முழங்காலுக்குப் பின்னாலோ தொடையோரமோ ஒதுக்கி, கட்டைவிரலை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். கேட்சரின் முதுகில் கை வைத்துச் சாய்வதும் கூடாது. அவர் எறிய எழும்போது நீங்கள் தடையாகிவிடுவீர்கள்.

நடுவில் நின்று, தாழ்ந்து பார்ப்பது

இதுதான் பெரிய தவறு. கேட்சருக்கு நேர் பின்னால் நின்றால் அவர் தலை மறைக்கும். கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், ஸ்லாட் என்பார்கள். தலை அங்கே இருக்க வேண்டும். வலக்கை பேட்டர் என்றால் அந்த இடைவெளி உங்கள் இடப்பக்கம். இடக்காலை முன்னே வைத்து, அதன் குதிகாலுக்கு நேராக வலக்காலின் விரல்நுனி வரும்படி, தோளைவிட அகலமாகக் கால்களைப் பரப்புங்கள். இடக்கை பேட்டருக்கு அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். தாடை கேட்சரின் ஹெல்மெட் உச்சிக்குக் கீழே இறங்கக் கூடாது.

பயந்தவர்கள் கேட்சருக்குப் பின்னால் பதுங்கிக் கீழே இறங்குவார்கள். அங்கிருந்து பார்த்தால் பிளேட்டின் வெளிப்பக்க மூலை, அதாவது பேட்டரிடமிருந்து தள்ளியிருக்கும் மூலை, தெரியாது. தாழ்வான பந்தும் இருக்கிற உயரத்தைவிட மேலே இருப்பதுபோலத் தோன்றும். கேட்சர் உள்பக்கம் நகர்ந்து இடைவெளியை அடைத்துவிட்டால், மறுபக்கம் தாவாதீர்கள். கொஞ்சம் மேலே எழுந்து அவர் தலைக்கு மேலிருந்து பாருங்கள். ஒரு காலைப் பின்னால் நீட்டி முகத்தை முன்னே தள்ளும் கத்தரி நிலையும் எனக்குப் பிடிக்காது. கழுத்து களைக்கும், அடி வந்தால் முகத்தில் நேராக வாங்க வேண்டியிருக்கும்.

பந்தைத் தலையால் துரத்துவது இதற்கு இணையான தவறு. பிட்சர் கையை எடுக்கும் முன்பே நீங்கள் இறங்கி நிலைத்திருக்க வேண்டும். அதன்பின் கண் மட்டும் நகரலாம். பந்து அவர் கையை விட்டதிலிருந்து கையுறைக்குள் விழும் வரை. ஸ்ட்ரைக் பகுதியின் மேல்கோடு, தோளின் உச்சிக்கும் கால்சட்டையின் மேல்விளிம்புக்கும் நடுவே. கீழ்க்கோடு, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள குழி. அகலம் பிளேட்டின் 17 அங்குலம். பந்தின் ஒரு துளி அதைத் தொட்டாலும் ஸ்ட்ரைக். பிளேட்டைக் கடக்கும்போது பந்து எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. பிடித்த பிறகு கையுறையை நைசாக உள்ளே இழுப்பது கேட்சரின் தொழில். அதில் மயங்காமல் இருப்பது உங்கள் தொழில்.

அவசரப்பட்டுக் கத்தாதீர்கள். பந்து கையுறையில் விழட்டும். பார்த்ததை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள். பந்து பாதி வழியில் இருக்கும்போதே வாய் ‘ஸ்ட்ரைக்’ என்று தயாராகிவிட்டால், கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும் பந்து உங்களை முட்டாளாக்கும். கொரிய லீக்கில் 2024 முதல் பால், ஸ்ட்ரைக்கைக் கருவியே சொல்கிறது. அமெரிக்க மேஜர் லீக்கில் 2026 முதல் அணிகள் கருவியிடம் முறையிடலாம். உங்கள் உள்ளூர் மைதானத்துக்கு அது வரும் வரை உங்கள் கண்தான் கருவி.

அடி பட்ட பிறகு

ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு உடனே அடுத்த பந்துக்குக் குனிவதை வீரம் என்று நினைக்கிறோம். அது வேண்டாத வேலை. கேட்சருக்கு அடி பட்டால் அம்பயர் பிளேட்டுக்கு முன்னால் வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தூசியே இல்லாத பிளேட்டை மெதுவாகத் துடைப்பார். கேட்சருக்கு மூச்சு வாங்க அவகாசம். அம்பயருக்கு அடி பட்டால் கேட்சர் எழுந்து பிட்சரிடம் போய் ஏதோ பேசுவதுபோல் நிற்பார். விதிப்புத்தகத்தில் இல்லாத மரியாதை இது. அவர் தரும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் வாங்கிய அடி என்றால் இந்த மரியாதை போதாது. தலைவலி, குமட்டல், வெளிச்சத்தில் கண் கூசுவது, எண்ணிக்கை மறந்துபோவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய வேலை முடிந்தது. மாஸ்க்கைக் கழற்றிக் கூட்டாளியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் மாஸ்க்கின் கம்பிகளைத் தடவிப் பாருங்கள். ஒரு கம்பி வளைந்திருந்தாலோ பற்றவைத்த இடத்தில் விரிசல் தெரிந்தாலோ, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மறுபடி போட்டுக்கொண்டு போகாதீர்கள். புதிது வாங்குங்கள்.