எம்ப்ராய்டரி மெஷினில் நூல் வெட்டவில்லையா? ஸ்க்ரூவைத் தொடும் முன்

மல்டி நீடில் (பல ஊசி) எம்ப்ராய்டரி மெஷினில் எழுத்து தைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகும்போது நூல் அறுபடாமல் இழுத்துக்கொண்டே போனால், எல்லோரும் முதலில் தேடுவது ஸ்க்ரூடிரைவரைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு முழு மதியம் வீணாய்ப் போனது. கடைசியில் பார்த்தால் நூல் வெட்டும் இரண்டு கத்திக்கு இடையில் நகக்கண் அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை.

அதனால் முதலில் சுத்தம். மெயின் ஷாஃப்ட்டை (மெஷினை ஓட்டும் முக்கிய அச்சு) 100 டிகிரியில் நிறுத்தி (பெரும்பாலான மெஷின்கள் அங்கேதான் நிற்கும், ஊசி மேலே இருக்கும்), மெயின் சுவிட்சை அணையுங்கள். ஊசித் தட்டைக் கழற்றினால் கீழே இரண்டு கத்தி தெரியும். ஒன்று அசையாது. இன்னொன்று வெளியே போய் நூலைத் தன் கொக்கியில் மாட்டி இழுத்துவந்து, அசையாத கத்தியோடு உரசி வெட்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பிசிறைத் தட்டி எடுங்கள். காற்று அடித்தால் பஞ்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரி, இப்போது சோதனை. நகரும் கத்தியைக் கையால் மெதுவாக வெளியே தள்ளி, அதன் கொக்கியில் ஒரு மேல்நூலையும் ஒரு பாபின் நூலையும் (அடிநூல்) மாட்டி, திரும்ப விடுங்கள். ஷாஃப்ட் 100 டிகிரியில் இல்லாமல் இதைச் செய்தால் கத்தி ஹூக்கிலோ (பாபினைச் சுற்றிச் சுழலும் பாகம்) ஊசியிலோ முட்டும், ஜாக்கிரதை. இரண்டும் நறுக்கென்று அறுந்தால் கத்தியில் குறையில்லை. நுனி பிய்ந்து பஞ்சுபோல் வந்தால் அழுத்தம் போதவில்லை, இல்லை கத்தி மழுங்கிவிட்டது.

அழுத்தம் சரிசெய்ய: அசையாத கத்தி இருக்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டு, போனில் ஒரு படமும் எடுத்துவிட்டு, அதன் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மயிரிழை நகர்த்தி இறுக்கி, மறுபடி நூல் வைத்துப் பாருங்கள். வெட்டியவுடன் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று இறுக்கினால் இரண்டு கத்தியும் ஒன்றையொன்று தின்றுவிடும். அழுத்தம் சரியாக இருந்தும் வெட்டவில்லையென்றால், நகரும் கத்தி திரும்பி வரும்போது அதன் வெட்டும் விளிம்பு அசையாத கத்தியைக் கடந்து உள்ளே போகிறதா பாருங்கள். கடக்காவிட்டால் அது கேம் (கத்தியை நகர்த்தும் பாகம்) பக்கத்து வேலை, புதியவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல்.

தட்டை மாட்டி, தனித்தனி எழுத்தாக ஒரு பெயரைத் தைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள், மேல்நூல் அறுந்து பாபின் நூல் மட்டும் தொடர்வது அங்கேதான் தெரியும். வெட்டியபின் ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டு வந்தால் கத்தியைக் குறை சொல்லாதீர்கள், மேல்நூல் டென்ஷனை (இழுவிசை) கொஞ்சம் தளர்த்துங்கள்.