வீவக வீட்டில் ஒயின் அலமாரியை எங்கே வைப்பது?

ஒயினைக் குளிரில் வைக்கும் மின்சாரப் பெட்டியான ஒயின் அலமாரியை வாங்கும் முன்பே அதற்கான இடத்தை முடிவு செய்துவிடுங்கள். வாங்கிய பிறகு தேடினால், அது எங்கே நுழைகிறதோ அங்கேதான் நிற்கும். சிங்கப்பூரின் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், ஆகாத இடங்களை நீக்குங்கள். அடுப்புக்குப் பக்கம், மேற்கு வெயில் விழும் சன்னலோரம், பால்கனி ஆகியவை வேண்டாம். சலவை இயந்திரத்தின் அருகிலும் வேண்டாம். பழைய ஒயினில் அடியில் தங்கும் வண்டலை அதிர்வு கலக்கிவிடும். கனத்த கான்கிரீட் சுவருள்ள பாதுகாப்பு அறையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே இருட்டு உண்டு, காற்றோட்டம் குறைவு. அதன் கதவை எப்போதும் திறந்தே வைக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்து, மிஞ்சிய இடங்களின் வெப்பத்தை அளந்து பாருங்கள். நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைக்கும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி போதும். அதை அலமாரி நிற்கப்போகும் மூலையில், குளிரூட்டியை அணைத்த பகல் பொழுதில் வையுங்கள். 32 டிகிரியைத் தொடும் மூலையாக இருந்தால் அலமாரியின் தகவல் தகட்டில் காலநிலை வகுப்பைக் கட்டாயம் பாருங்கள். ‘என்’ (N) வகுப்பு சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி வரைக்கும், ‘எஸ்டி’ (ST) 38 வரைக்கும், ‘டி’ (T) 43 வரைக்கும் ஏற்றது. நம் ஊருக்கு நான் ‘எஸ்டி’க்குக் குறைந்ததை வாங்கச் சொல்லமாட்டேன். கம்ப்ரஸர் இல்லாத வகை சத்தமில்லாதது என்பார்கள். ஆனால் வெளி வெப்பம் ஏறினால் அதன் உள் வெப்பமும் கூடவே ஏறும். இங்கே கம்ப்ரஸர்தான் சரி.

இனி முக்கியமான படி, காற்றுவழி. ஒயினை நெடுநாள் வைக்க 12 முதல் 14 டிகிரி வேண்டும். உள்ளே அந்தக் குளிர் நிற்க, அலமாரி தன் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். எங்கள் வீட்டில் தச்சர் செய்த மாடத்துக்குள் நின்ற அலமாரி, 13 என்று அமைத்தும் 17-க்குக் கீழே இறங்கவே இல்லை. கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடியது; பக்கச் சுவரைத் தொட்டால் சுட்டது. இயந்திரத்தில் பழுதில்லை. பின்புறமாக வெப்பத்தை வெளியேற்றும் தனித்து நிற்கும் வகை அது. மாடத்தின் முதுகும் தலையும் அடைபட்டிருந்தன. மேல்பலகையைக் கழற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து முன்னே இழுத்து வைத்ததும் வெப்பம் இறங்கியது.

ஆகவே, மாடத்துக்குள் வைப்பதாக இருந்தால் முன்பக்கம் அடியில் காற்றுச் சல்லடை உள்ள உள்பொருத்தும் வகையை வாங்குங்கள். தனித்து நிற்கும் வகை என்றால் கையேட்டில் சொன்ன இடைவெளியைக் கண்டிப்பாக விடுங்கள். கையேடு கிடைக்காதபோது பின்னும் மேலும் 10 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ. என்பது என் கணக்கு.

இப்போது பழைய தமிழ் முரசுத் தாள்களை ஒட்டி, அலமாரியின் அடிப்பரப்பையும் இந்த இடைவெளியையும் சேர்த்து வெட்டித் தரையில் விரியுங்கள். கதவு திறக்கும் வளைவையும் வரையுங்கள். கதவு முழுதாகத் திறக்காவிட்டால் உள்தட்டுகளை வெளியே இழுக்க முடியாது. கீல் பக்கம் சுவர் இருந்தால் கதவை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

நிரம்பிய பாட்டில் ஒன்று ஏறத்தாழ 1.3 கிலோ இருக்கும். 40 பாட்டில் என்றால் 50 கிலோவைத் தாண்டும். தரை சமமாக இருக்கட்டும். மின்செருகி நேரே சுவரில் சேரட்டும், நீட்டிப்புக் கம்பி வேண்டாம். கொண்டுவந்து நிறுத்திய பிறகு ஒரு நாள் விட்டு மின்சாரம் கொடுங்கள்.

பின்சேர்க்கை: உள்பொருத்தும் வகையை வாங்கியும் குளிரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். அழகுக்காகத் தச்சர் பொருத்திய அடிப்பலகை, காற்றுச் சல்லடையை முழுவதும் மறைத்திருந்தது. பலகை வேலை தொடங்கும் முன்பே சல்லடையைத் தச்சரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொருவர் கண்ணாடிக் கதவில் நீர் கோப்பதைப் பற்றிக் கேட்டார். ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படுவதால் வருவது அது. சமையலறை வாசலிலிருந்தும் திறந்த சன்னலிலிருந்தும் தள்ளி வைத்தால் குறையும். ஷாம்பெயின் பாட்டில் பருமனானது என்பதால் பெட்டியில் எழுதிய எண்ணிக்கை அதற்குப் பொருந்தாது. அதிகம் வாங்குபவர்கள் ஒரு பாட்டிலைக் கடைக்கே எடுத்துப்போய்த் தட்டில் வைத்துப் பாருங்கள்.